தூக்குவது வேறு, சுமப்பது வேறு: டெல்டாவில் ஸ்ட்ராங்மேன் பயிற்சி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை பக்கம் ஸ்ட்ராங்மேன் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஜிம்மில் சில வருடம் டெட்லிஃப்ட், ஸ்குவாட் போட்டவர்கள் ஒரு வகை. ரைஸ்மில்லிலோ நெல் கொள்முதல் நிலையத்திலோ மூட்டை சுமந்து பழகிய லோடுமேன்கள் இன்னொரு வகை. ஜிம் ஆள் 180 கிலோ பாரைத் தரையிலிருந்து எடுத்துவிடுவார். 80 கிலோ மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்து 20 மீட்டர் நடக்கச் சொன்னால் பாதி வழியில் மூச்சு முட்டி இறக்கிவிடுவார். லோடுமேன் அந்த எடையோடு களத்தையே சுற்றி வருவார். ஆனால் மூட்டையைத் தரையிலிருந்து தானாக எடுக்கச் சொன்னால் திணறுவார். மில்லில் அவருக்கு மூட்டையை இரண்டு பேர் தூக்கி முதுகிலோ தலையிலோ ஏற்றிவிடுவார்கள். தரையிலிருந்து மடிக்கு வருகிற அந்த முதல் இரண்டு அடி உயரம் அவர் உடம்புக்குப் பழக்கமே இல்லை.

இந்த இரண்டையும் ஒரே நாளில் கேட்கும் விளையாட்டு இது. 1977இல் கலிஃபோர்னியாவில் ‘உலகின் மிக வலிமையான மனிதர்’ போட்டி தொடங்கியதிலிருந்து சுற்றுகள் எவ்வளவோ மாறிவிட்டன. அமெச்சூர் போட்டிகளின் எலும்புக்கூடு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: தலைக்கு மேல் தூக்கும் சுற்று ஒன்று, டெட்லிஃப்ட் வகையில் ஒன்று, சுமந்து நடப்பது ஒன்றோ இரண்டோ, கடைசியில் கல்லை எடுத்து மேடையில் ஏற்றுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் வழக்கமாக 60 விநாடி. 10 பேர் கலந்துகொண்டால் முதலில் வந்தவருக்கு 10 புள்ளி, கடைசியில் வந்தவருக்கு 1. ஒரு முறைகூடத் தூக்காதவருக்குப் பூஜ்யம். ஒரு சுற்றில் முதலிடம் பிடித்து இன்னொன்றில் பூஜ்யம் வாங்கியவரை, எல்லாச் சுற்றிலும் நான்காவதாக வந்தவர் மொத்தப் புள்ளியில் தாண்டிப் போவது சாதாரணமாக நடக்கும். அதனால்தான் உங்களுக்கு எது வராதோ அதற்குத்தான் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு போகவேண்டும் என்கிறோம். ஜிம்மிலிருந்து வந்தவர் நடக்கவேண்டும். மூட்டையிலிருந்து வந்தவர் எடுக்கவேண்டும்.

சாமான்களை ஊரிலேயே செய்வது

வெளியூரிலிருந்து வாங்கினால் சாமான் விலையைவிட வண்டி வாடகை உறுத்தும். வெல்டிங் பட்டறை, பழைய இரும்புக் கடை, சிமென்ட் உறை வார்க்கும் இடம் மூன்றும் இருக்கிற எந்த ஊரிலும் எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம்.

முதலில் செய்யவேண்டியது மணல் மூட்டை. இதில் எல்லோரும் செய்யும் தப்பு, நெல் சாக்கை எடுத்து வாய்வரை மணல் கொட்டுவது. காய்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ வரும். நெல் அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். 60 கிலோ நெல் பிடிக்கிற சாக்கில் மணல் நிரம்பினால் 160 கிலோவைத் தாண்டிவிடும், ஒருவராலும் அசைக்க முடியாது. சரி, 50 கிலோ மட்டும் போட்டுக் கட்டினாலோ மணல் ஒரு மூலையில் இறங்கிச் சாக்கு தொங்கும். கட்டிப்பிடிக்க உருவமே இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. மணலைப் பத்துப் பத்துக் கிலோவாகச் சின்னப் பைகளில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பைகளைச் சாக்கின் நடுவில் அடுக்கி, சுற்றிலும் உமியைத் திணியுங்கள். உமி எடையே இல்லாமல் இடத்தை நிரப்பும், மில்லில் கேட்டால் கிடைக்கும். எடை கூட்டவேண்டுமானால் ஒரு பையைச் சேர்த்து அந்த அளவுக்கு உமியை எடுத்துவிடலாம். சணல் சாக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு, கோணி ஊசியால் வாயை நெருக்கித் தைத்து, மேலே தடித்த தார்ப்பாய் உறை. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். வியர்வை பட்டால் வழுக்கும், வெயிலில் நைந்து கிழியும். ஈர மணலையும் போடாதீர்கள். இன்று 70 கிலோ என்று எழுதி வைத்தது வாரக் கடைசியில் 64 ஆகிவிடும், எதைத் தூக்கினோம் என்றே தெரியாது.

அடுத்தது கல். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். தென்மாவட்டத்தில் பல ஊர்களில் கோயில் வாசலிலேயே கல் கிடக்கிறது. டெல்டாவில் அது அரிது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல்தான் இங்கே தரை. பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகவே நாம் வார்த்துத்தான் ஆகவேண்டும். கான்கிரீட் லிட்டருக்கு 2.4 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் 35 செ.மீ. விட்டமுள்ள உருண்டை 54 கிலோ, 40 செ.மீ. 80 கிலோ, 45 செ.மீ. 115 கிலோ, 50 செ.மீ. 157 கிலோ. விட்டத்தில் 5 செ.மீ. கூடினாலே எடை எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். முதல் மூன்றும் இருந்தால் ஒரு ஊருக்குப் போதும்.

கேட் தூணுக்கு மேலே வைக்கும் உருண்டையை வார்க்கிறவர்களிடம் இரண்டு பாதி அச்சு செய்யச் சொல்லலாம். ஃபைபர் அச்சு பலமுறை தாங்கும். 40 செ.மீ. கல்லுக்கு 1:1½:3 கலவையில் சிமென்ட் 13.5 கிலோ, மணல் 14 லிட்டர், ஜல்லி 28 லிட்டர், தண்ணீர் ஆறரை ஏழு லிட்டர். ஜல்லி 12 மி.மீ. போதும், 20 மி.மீ. போட்டால் மேல்பரப்பில் பொந்து விழும். ஊற்றும்போதே கம்பியால் குத்திக்கொண்டும் அச்சின் மேல் ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டும் இருக்கவேண்டும். கொத்தனார் கை வேகமாக இருந்தால், தண்ணீர் கூட ஊற்றிக் குழம்பாக்கிவிடுவார். அப்படி வார்த்த கல் தூக்கிப் போட்ட மூன்றாம் நாள் தோல் உரிவதுபோல் உதிரும். அச்சைப் பிரித்ததும் குளத்திலோ தொட்டியிலோ முழுக்கிவைத்து 28 நாள் விடுங்கள். பாதிகள் சேர்ந்த இடத்தில் நிற்கும் விளிம்பைக் கிரைண்டரால் தேய்க்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். அது முன்கையைக் கிழித்துவிடும்.

ஃபார்மர்ஸ் வாக் என்பது கைக்கு ஒன்றாக இரண்டு எடையைத் தொங்கவிட்டுப் பிடித்து நடப்பது. அதன் கைப்பிடிக்கு, 5 அடி நீளமுள்ள இரண்டு அங்குல பி கிளாஸ் பைப் ஏழரை கிலோ வரும். இரு முனையிலும் 10 லிட்டர் பெயின்ட் வாளியைப் பக்கவாட்டில் ஓட்டையிட்டு மாட்டிக் கான்கிரீட் ஊற்றினால் வாளிக்குச் சுமார் 23 கிலோ, ஆக கைக்கு 55 கிலோ பக்கம். வாளிக்கு வெளியே 15 செ.மீ. பைப்பை நீட்டிவிட்டால் பிளேட் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு விஷயத்தில் பட்டறைக்காரர் பக்கத்திலேயே நில்லுங்கள். கான்கிரீட்டுக்குள் போகும் பைப் பகுதியில் குறுக்கே துண்டுக் கம்பி வெல்ட் வைக்கவேண்டும். இல்லையென்றால் வாளி பைப்பில் சுழலும். கைப்பிடி, பைப்பின் நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது, அதற்கு மேலே எழும்பி நிற்கவேண்டும். நேர்க்கோட்டில் இருந்தால் நடக்கும்போது முழுச் சாமானும் கைக்குள் உருளும். கைப்பிடிக்கு ஒரு அங்குல பைப். அதன் வெளிவிட்டம் 33 மி.மீ. சொச்சம், போட்டித் தடிமனுக்குக் கிட்டத்தட்ட சரி. தரையிலிருந்து கைப்பிடி 40 செ.மீ. உயரத்தில் வரட்டும்.

தலைக்கு மேல் தூக்கும் உருளையான லாக் செய்ய 10 அங்குல பைப். வெளிவிட்டம் 273 மி.மீ. இருக்கும். சுவர் 6 மி.மீ. என்றால் மீட்டருக்கு 39 கிலோவுக்கு மேல். ஒன்றரை மீட்டர் வெட்டினால் கைப்பிடி போடுமுன்பே 59 கிலோ. புதியவர்களில் பாதிப் பேர் வெறும் லாகைக்கூடத் தலைக்கு மேல் தள்ளமாட்டார்கள். 4 மி.மீ. சுவர் கிடைக்கும்வரை பழைய இரும்புக் கடையை விடாதீர்கள், அது 40 கிலோவில் முடியும். கைப்பிடிகள் ஒன்றுக்கொன்று இணையாக, நடுவே 60 செ.மீ. இடைவெளியில். கைபோக வெட்டிய ஜன்னலின் ஓரம் முழுக்கச் சின்னக் கம்பி வைத்து மழுக்கவேண்டும். பிளேட் மாட்டும் முனையைத் தீர்மானிக்குமுன் உங்கள் ஜிம்மிலுள்ள பிளேட்டின் துளையை அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் ஜிம்களில் 28 மி.மீ. துளையும் 50 மி.மீ. துளையும் கலந்துதான் கிடக்கும்.

செய்த ஒவ்வொன்றையும் மில்லின் எலக்ட்ரானிக் தராசில் வைத்து, எடையைப் பெயின்ட்டால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

தரையிலிருந்து மடிக்கு

மூட்டை, கல் இரண்டிலும் வெற்றி தோல்வி மடியில்தான் முடிவாகிறது. சாமான் தொடை மேல் வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பிறகு எழுவது காலின் வேலை. மடிக்கு வராத கல் ஒருபோதும் மேடைக்குப் போகாது.

கல்லுக்கு: இரண்டு காலையும் கல்லின் இருபக்கமும் வைத்து நில்லுங்கள். கல் பாதங்களுக்கு நடுவே, இடுப்புக்கு நேர்கீழே இருக்கவேண்டும். முன்னால் தள்ளிக் கிடந்தால் முதுகு மட்டும் இழுக்கும். குனிந்து, விரல்களை அகல விரித்து, உள்ளங்கைகளைக் கல்லின் அடிப்பக்கத்துக்குக் கொடுங்கள். கை முழுக்க நீண்டு, முழங்கை மடங்காமல், இரண்டு கையும் கல்லைப் பக்கவாட்டில் நசுக்கவேண்டும். ஜிம்மில் பழகியவர்கள் இங்கே முதுகை நேராக வைக்கப் பார்ப்பார்கள். கல்லில் அது நடக்காது. மேல்முதுகு வளைந்து கல்லின் மேல் கவிழத்தான் செய்யும். ஆனால் வளைந்த முதுகு அதே வளைவில் இறுகி நிற்கவேண்டும், வயிற்றில் மூச்சை அடைத்திருக்கவேண்டும். தூக்கும் நடுவில் வளைவு கூடிக்கொண்டே போனால் அந்தக் கல் உங்களுக்கு இன்னும் அதிகம்.

கல் முழங்காலைத் தாண்டியதும் இடுப்பைக் கீழே இறக்கித் தொடையில் உட்காரவையுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு மூச்சு விட்டுப் பிடிக்க அங்கே நேரமிருக்கிறது. பிறகு கைகளைக் கல்லின் மேல்பக்கமாகக் கொண்டுபோய் நெஞ்சோடு அணைத்து, இடுப்பை முன்னால் அடித்து எழுந்தால் கல் வயிற்றிலிருந்து நெஞ்சுக்குத் தானாக உருண்டு ஏறும். மேடை 120 செ.மீ. என்றால் புதியவர்கள் 1 மீட்டரில் தொடங்கட்டும்.

இங்கே நடக்கும் பெரிய காயம் புஜத்தின் முன்தசை நாண் அறுவது. கை மேல்நோக்கித் திரும்பியிருக்க, முழங்கையை மடக்கிக் கல்லை இழுத்தால் 100 கிலோவின் உலுக்கல் முழுக்க அந்த நாணில் விழும். டயர் புரட்டும்போதும் இதேதான். ஜே.சி.பி.யின் பின்சக்கர டயரைக் கையால் சுருட்டித் தூக்கப் பார்ப்பவரை உடனே நிறுத்துங்கள். நெஞ்சையும் தோளையும் டயரில் ஒட்டி, காலால் முன்னோக்கித் தள்ளி, டயர் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் ஒரு முழங்காலை அண்டக் கொடுத்துக் கையை மாற்றித் தள்ளவேண்டும். அறுந்தால் ‘டப்’பென்று சத்தம் கேட்கும், தசை மேலே சுருண்டு போகும். எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தால் தைக்கும் காலம் தாண்டிவிடும். அன்றே எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும்.

மூட்டைக்கும் அதே மடிதான், ஆனால் பிடி வேறு. நீளவாக்கில் கிடக்கும் மூட்டைக்கு மேலே கால் அகட்டி நின்று, இரு முனைக்கும் அடியில் விரலைச் செருகி மடிக்கு இழுங்கள். மடியில் வந்ததும் கட்டிப்பிடித்து ஒரு கையால் மறுகையின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளுங்கள். மூட்டையின் மேல்முனை தாடைக்குப் பக்கத்தில் இருக்கும்படி உயரமாக ஏற்றவேண்டும். தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் தொடை மூட்டையில் முட்டும், நடை பாதியாகக் குறையும். லேசாகப் பின்னால் சாய்ந்து, சிறு சிறு அடியாக வேகமாக நடங்கள். மூச்சை முழுதாக விடாதீர்கள். நெஞ்சு சுருங்கியதும் மூட்டை நழுவி இரண்டு அங்குலம் இறங்கும், திரும்ப ஏறாது. வாயால் சின்னச் சின்னதாக இழுத்து விடவேண்டும். ஜிம் ஆட்கள் திணறுவது இதில்தான். 50 கிலோவோடு 40 மீட்டர், ஒன்றரை நிமிடம் ஓய்வு, மறுபடி 40 மீட்டர் என்று வாரம் ஒரு நாள் ஐந்து தடவை நடந்தால் இரண்டு மாதத்தில் மூச்சு பழகும்.

லோடுமேன்களுக்கு நேர்மாறு. அவர்கள் நடக்கவே வேண்டாம். தூக்க முடிகிற உச்ச எடையில் 60 சதவீத மூட்டையைத் தரையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து நெஞ்சுக்கு, பிறகு கீழே. நிமிடத்துக்கு ஒன்றாக எட்டு முறை. வேலை நாளில் ஏற்கெனவே எத்தனையோ மூட்டை சுமந்த உடம்பு அது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் அவர்களுக்குப் பயிற்சியே வைக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த இரண்டு மாதமும் மில்லும் கொள்முதல் நிலையமும் கேட்பதைவிடக் கூடுதலாக எந்த முதுகாலும் கொடுக்க முடியாது. அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ புடைப்பு தெரிகிற ஆளைக் குடலிறக்கம் இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை எதையும் தூக்க விடாதீர்கள். பல வருடம் சுமந்தவர்களிடம் இது மறைந்தே இருக்கும்.

லாக், யோக், வண்டி

லாகை மடிக்கு இழுத்து, அங்கிருந்து வயிற்றின் மேல் உருட்டிக்கொண்டே எழுந்து நெஞ்சில் ஏற்றவேண்டும். நெஞ்சில் வந்ததும் முழங்கை உயர்ந்திருக்க, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, லாக் தோளிலும் மேல்நெஞ்சிலும் உட்காரட்டும். தொண்டையில் அழுத்தினால் கழுத்து ரத்தக்குழாய் அமுங்கித் தலை சுற்றும். நிற்கும் நிலையிலேயே ஆள் சரிந்து விழுவதைப் போட்டிகளில் பார்க்கலாம். கண் இருட்டினால் லாகை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஒரு எட்டு வையுங்கள், அவ்வளவுதான். பின்னால் யாரும் பிடிக்க நிற்கக்கூடாது. தள்ளும்போது முழங்காலைச் சற்றே மடக்கி உதைத்தால் பாதி உயரம் காலாலேயே கிடைக்கும். கையால் மட்டும் தள்ளுவேன் என்ற வீம்பு இந்த விளையாட்டில் ஒரு புள்ளிகூடப் பெற்றுத் தராது.

யோக் என்பது தோளில் ஏற்றிச் சுமந்து நடக்கும் இரும்புச் சட்டம். அதில் குறுக்குப் பைப்பின் உயரம்தான் எல்லாம். நீங்கள் நிமிர்ந்து நின்றால் சட்டத்தின் அடி தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. மட்டும் எழும்பவேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் ஊசலாடும், குறைந்தால் தட்டும். திருவையாறு ஏழூர்ப் பல்லக்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு இது சுலபமாக வருகிறது. தண்டு தோளில் படிந்தபிறகுதான் அடி எடுக்கவேண்டும், முதல் எட்டு சின்னதாக இருக்கவேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதே இல்லை.

வண்டி இழுப்பதற்கு டெல்டாவைப்போல இடம் கிடைக்காது. சமதளத் தார்ச்சாலையில் 7 டன் லாரியை உருட்டிக்கொண்டு போக 50 முதல் 70 கிலோ விசை போதும். 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்தாலே அதற்கு மேல் 70 கிலோ கூடும். கண்ணுக்கு மேடு தெரியாத சாலையில்கூட இது இருக்கும். போட்டி வைப்பவர்கள் டியூப் மட்டத்தால் சாலையைப் பார்த்துவிட்டுக் கோடு போடட்டும். நின்ற வண்டியை அசைப்பதுதான் கடினம். திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடித்தவர்களுக்கு அந்த முதல் அசைவு தெரியும். உடம்பைத் தரைக்கு இணையாகத் தாழ்த்தி, திடீரென்று இழுக்காமல், கயிறு விறைத்தபின் மெல்ல அழுத்தம் ஏற்றி, வண்டி உருளத் தொடங்கியதும் அடியைச் சிறிதாக்கி நிற்காமல் போகவேண்டும். ஏர் பிரேக் வண்டியில் காற்று இல்லையென்றால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஆகவே இன்ஜின் ஓட, கியர் நியூட்ரலில், டிரைவர் பிரேக் மேல் கால் வைத்து உட்கார்ந்திருக்கவேண்டும். டிரைவர் இல்லாமல் இழுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

தரையும் வெயிலும்

அறுவடை முடிந்த வயல் இலவசம் என்று அங்கே போகாதீர்கள். காய்ந்த களிமண்ணில் வெடிப்பு ஓடியிருக்கும், 100 கிலோவோடு அதில் கால் போனால் கணுக்கால் திரும்பும். ஈரமாக இருந்தாலோ செருப்புக்கு அரைக் கிலோ சேறு ஒட்டும். நடக்க மிகச் சரியான இடம் ஊரின் உலர்களம். ஆனால் அது நெல்லுக்காகப் போட்ட சிமென்ட் தளம். ஊராட்சியில் கேட்டு, நெல் காயாத மாதங்களில் மட்டும், நடைப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 80 கிலோ கல்லை ஒருமுறை தவறவிட்டால் தளம் விரிசல் விடும், அதோடு உங்களுக்கு அங்கே இடமும் கிடையாது. கல், லாக், டயர் எல்லாம் மண்தரையில், விழும் இடத்தில் பழைய டயர்களையும் மேலே வைக்கோல் கட்டுகளையும் போட்டுச் செய்யவேண்டும்.

கல் உரசிய முன்கையோடும் முழங்காலோடும் வாய்க்காலில் இறங்கிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வயல்வெளி நீரில் சிராய்ப்புள்ள தோல் படுவதால் வரும் எலிக்காய்ச்சல் டெல்டாவுக்குப் புதிதல்ல. குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். டி.டி. (டெட்டனஸ்) ஊசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் முடியட்டும். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கத்து வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்ப்பது. வியர்வை உலராது, உடம்பு குளிராது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் லிட்டராவது திரும்பப் போகவேண்டும். வெறும் தண்ணீர் போதாது. 1 லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புப் போட்ட மோரும் நன்றாகவே வேலை செய்யும். ஒருவர் பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ நிழலில் கிடத்தி மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். குடிக்கக் கொடுத்துக் காத்திருக்கும் நேரமில்லை அது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெல்டாவில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, புரதத்தில்தான் குறை. நெல்லுக்குப் பின் நம் வயலிலேயே விதைக்கிற உளுந்திலும் பச்சைப்பயறிலும் 100 கிராமுக்கு 24 கிராம் பக்கம் புரதம் இருக்கிறது. முட்டைக்கு 6 கிராம். இவற்றோடு மீனும் தயிரும் சேர்ந்தால் டப்பா பவுடர் இல்லாமலே 80 கிலோ ஆளுக்கு வேண்டிய 130 கிராம் வந்துவிடும்.

போட்டிக்கு முந்தைய வாரங்கள்

12 வாரம் இருந்தால் நல்லது. வாரம் மூன்று நாள்: ஒரு நாள் லாகும் தோளும், ஒரு நாள் டெட்லிஃப்ட்டும் கைப்பிடி நடையும், ஞாயிற்றுக்கிழமை மூட்டையும் கல்லும். சுமப்பதில் முதல் மாதம் போட்டி எடையில் 60 சதவீதம். அதற்குமேல் வாரத்துக்கு 5 கிலோவுக்கு மிகாமல் ஏற்றம். முழு எடையில் கடைசிப் பயிற்சி போட்டிக்கு 10 முதல் 14 நாளுக்கு முன்பே முடிந்துவிடவேண்டும். கடைசி வாரத்தில் ‘சும்மா ஒருதடவை பார்த்துவிடலாம்’ என்று கல்லைத் தொடுகிறவர்கள் போட்டியன்று முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

எடை வகுப்பு இருக்கிற போட்டியில் புதியவர்கள் பட்டினி கிடந்து ஒரு வகுப்பு கீழே இறங்கவேண்டாம். 90 கிலோ வகுப்புக்கு 93 கிலோ ஆள் தண்ணீரைக் குறைத்து இறங்கினால், மதிய வெயிலில் நான்காவது சுற்றில் அந்த மூன்று கிலோ பழிவாங்கும். பெண்கள் பிரிவிலும் இதே சுற்றுகள்தான், எடை மட்டும் குறைவு. 35 செ.மீ. கல்லையும் 40 கிலோ மூட்டையையும் முதலிலேயே செய்து வைத்துவிடுங்கள். சாமான் இல்லாத குறைக்காக யாரும் திரும்பிப் போகக்கூடாது.

கல்லுக்குப் பூசும் பிசின், பைன் மரப் பிசினில் செய்வது. நம் வெயிலில் இளகி ஓடும். ஐஸ் பெட்டியில் வைத்து, முன்கையை நன்றாகத் துடைத்து உலர்த்தியபிறகு மெல்லிதாகத் தடவவேண்டும். வியர்வையின் மேல் தடவினால் பிசின் தோலில் பிடிக்காது, கல்லோடு போய்விடும். சில போட்டிகளில் பிசினே கூடாது என்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியில் மூன்றில் இரண்டு பங்கு பிசின் இல்லாமலே இருக்கட்டும்; பிடியின் கோணம் அப்போதுதான் கைக்குப் பழகும். கழுவத் தண்ணீர் உதவாது. தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, துணியால் வழித்து, பிறகு சோப்பு.

முதல் சுற்றில் லாகின் முதல் தூக்கலை மெதுவாக, நிச்சயமாக முடியுங்கள். ஒரு ரெப் (முழுத் தூக்கல்) கணக்கில் ஏறிவிட்டால் பூஜ்யம் கிடையாது. நடுவர் கை இறக்கும்வரை லாகைத் தலைக்கு மேல் அசையாமல் வைத்திருக்கவேண்டும். அவசரமாக இறக்கி ரெப்பை இழப்பவர்கள் ஏராளம். ஃபார்மர்ஸ் வாக்கில் சாமான் நழுவினால், நழுவிய இடத்திலேயே இரண்டையும் முழுதாகத் தரையில் வைத்து, சாக் பவுடரைத் தொட்டு, புதிதாக எடுங்கள். பாதிப் பிடியோடு இழுத்துப்போகும் மூன்று மீட்டர், அடுத்த எடுப்பைக் கெடுத்துவிடும். சுற்றுக்கு நடுவே நிழலில் உட்காருங்கள், வாழைப்பழமும் உப்புநீரும் போதும், மற்றவர்கள் தூக்குவதை நின்று பார்த்துக் காலை வீணாக்காதீர்கள்.

போட்டி முடிந்த மறுநாள் உடம்பு வலிப்பது இயல்பு. ஆனால் தொடையோ கையோ கல்லாக வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தொட்டிருப்பதன் அடையாளம். மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும், வலி மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். மற்றவர்கள் ஒரு வாரம் நடை மட்டும் போகலாம். உள்ளங்கையில் கிழிந்த தோலை நகம் வெட்டியால் வெட்டி, காய்ந்த பிறகு தடித்த இடங்களைப் நுரைக்கல்லால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு, பாதி எடையில் திரும்ப ஆரம்பிக்கலாம்.